தாச்சிக்கு முன்னால் நின்றவர்

அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வைத்தியத்துக்காகப் பயணப் பாஸ் எடுத்து வன்னிக்குள்ளிருந்து வவுனியாவுக்கு வந்த ஒரு அம்மா, அதை நான்காக மடித்துத் தன் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மேலே என் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. தெரியாத கையெழுத்து. இந்தப் போர்க்காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து தெரியாத கையெழுத்தில் நல்ல செய்தி வருவதில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் படித்தேன். விசுவமடுவிலிருந்து லெச்சுமியக்காவின் தம்பி எழுதியிருந்தார். மலேரியாக் காய்ச்சல், நாலே நாள், அக்கா போய்விட்டா என்று. கடிதம் என் கைக்கு வந்தபோது அங்கே முப்பத்தோராம் நாளும் முடிந்திருந்தது.

விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் அந்த வருடங்களில் இருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோயில் இசை விழாக்களில் வடை சுட்ட லெச்சுமி என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தம்பியோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, அரை ஏக்கர் மேட்டுக்காணியில் கௌபிப் பயறும் கச்சான் கடலையும் போட்டுச் சீவித்தவர். கலியாணம் செய்யவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சை நன்றாகவே பழகியிருந்தார். ஆனால் பயம் வந்தால் மட்டும் அவர் வாயில் பழைய தோட்டத்துப் பேச்சு வந்துவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் சங்கீத ஆசிரியையாக இருந்தவள். இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோது கணவர் இல்லை, கையில் ஏழு வயது மகள் வாணி மட்டும். தன் காணியின் மூலையில் தறப்பாள் கட்டி இருக்க இடம் தந்தவர் லெச்சுமியக்கா. அதே வருட ஆவணியில் பிள்ளையார் கோயிலில் மூன்று நாள் இசை விழா வந்தது. "நீங்கள் சும்மா இருந்து யோசிக்கிறது கூடாது டீச்சர். என்னோட கடைக்கு வாங்கோ" என்றார். அப்படித்தான் அவருக்குப் பக்கத்தில் நாலு கட்டையின் மேல் ஒரு பலகையைப் போட்டுக் கச்சான் விற்கத் தொடங்கினேன்.

கோயிலுக்குப் போகும் அந்த ஒழுங்கையைப் பார்த்திருக்க வேண்டும். மாவில்லை, சீனியில்லை, மண்ணெண்ணெய் இல்லை என்றிருந்த காலம். விழா நாட்களில் கோயிலடியில் மீனும் இறைச்சியும் கூடாது. இருந்தும் பத்துப் பன்னிரண்டு கடைகள். தேங்காய்ச் சொட்டுப் போட்ட கௌபி, மரவள்ளிப் பொரியல், பனங்காய்ப் பணியாரம், எள்ளுருண்டை, குரக்கன் ரொட்டியும் சம்பலும், பானையில் மோர். லெச்சுமியக்காவிடம் பருப்பு வடை, தோட்டத்துப் பக்குவத்தில், சோம்பு போட்டு. வருகிற ஒவ்வொருவரிடமும் "விரதமோ?" என்று கேட்பார். விரதக்காரருக்கு வெங்காயம் போடாத மா வேறு சட்டியில் இருக்கும். அதற்கு அகப்பையும் வேறு. நாதஸ்வரக்காரர்கள் தங்கள் முறை முடிந்ததும் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு நேரே அவரிடம்தான் வருவார்கள்.

ஆனால் அவருக்குக் கிடைத்த இடம் ஒழுங்கையின் கடைசி. தோட்டத்தால் வந்தவளின் கடை கோயில் வாசலில் வேண்டாம் என்று விழாக் குழுவில் ஒருவர் சொன்னதாக எனக்குப் பிறகு தெரியவந்தது. நான் கோபப்பட்டேன். அக்கா கோபப்படவில்லை. "இதில நிண்டால்தான் டீச்சர் நல்லது. பிளேன் வந்தால் கேக்கும்" என்றார்.

இந்தப் பயத்தை விளங்காமல் அவரை விளங்க முடியாது. வழமையாக இரவில் நடக்கும் கச்சேரிகளை விளக்குப் போட முடியாது என்பதற்காகப் பகலில் வைத்தார்கள். பகலிலோ சனம் கூடுவது மேலிருந்து தெரியும். தவிலும் நாதஸ்வரமும் முழங்கும்போது கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்தால் யாருக்குக் கேட்கும்? ஆலாபனையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிடத்துக்கு ஒரு தடவை மரக்கிளைகளுக்கு ஊடாக அண்ணாந்து பார்ப்பார்கள். வாசிப்பவர்களும் பார்ப்பார்கள். நான் சங்கீதம் படித்த காலத்தில் நினைத்துப் பார்க்காத ஒரு சபை அது.

அந்தச் சபையிலேயே மிகவும் பயந்தவர் லெச்சுமியக்காதான். புகை எழும்பினால் மேலே தெரியும் என்று விறகே வைக்கமாட்டார், சிரட்டைக்கரிதான். ஓடும்போது தடக்கும் என்று கடையில் நிற்கும்போது செருப்புப் போடுவதில்லை. முதல் வருடம் ஒருமுறை, தூரத்தில் உழவு மெசின் உறுமியதைக் கேட்டு வடையை எண்ணெயில் விட்டுவிட்டுப் பங்கருக்குள் போய்விட்டார். திரும்பி வந்தபோது வடைகள் கரியாகியிருந்தன. ஒழுங்கை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். "சிரிக்கட்டும். நான் பயந்தவள்தான். அதிலென்ன வெக்கம்?" என்றார்.

அடுத்த ஆவணி விழாவின் இரண்டாம் நாள். வாணிக்கு அப்போது எட்டு வயது. காலை நிகழ்ச்சியில் பண்ணிசை பாடிய ஆறு பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. பாடி முடித்துப் பந்தலுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். நாதஸ்வரம் தொடங்கிச் சனம் இருந்து கேட்கிற நேரம். லெச்சுமியக்கா பொரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தலையைச் சரித்தார். எனக்கு எண்ணெய்ச் சத்தமும் மேளமும்தான் கேட்டன. அவர் வெறும் தட்டத்தை எடுத்து அகப்பையால் அடிக்கத் தொடங்கினார். பின்வரிசைச் சனம் திரும்பிப் பார்த்தது. தவில் நின்றது. நாதஸ்வரம் நின்றது. அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

அதன் பிறகு நான் செய்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை. நான் ஓடினேன். கோயில் மதிலுக்குப் பின்னால் இருந்த பங்கருக்குள் முதலில் குதித்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளையைத் தேடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உள்ளே இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் வாணியின் நினைவு வந்தது. தடவிப் பார்த்தேன், கூப்பிட்டேன், அவள் இல்லை. அப்போது முதல் குண்டு விழுந்தது. மண் தலையில் கொட்டியது. வெளியே போகவேண்டும் என்று தெரிந்தது. யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. நான்தான் எழும்பவில்லை.

வெளியே நடந்ததைப் பிறகு கடைக்காரர்கள் சொன்னார்கள். லெச்சுமியக்காவும் ஓடத்தான் செய்தார். ஒழுங்கையின் அந்தப் பக்கம் வரை போய்விட்டார். திரும்பிப் பார்த்தபோது வாணி முன்னாலும் மற்றப் பிள்ளைகள் பின்னாலுமாகக் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டால் அம்மாவிடம் ஓடிவா என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அம்மாவின் பலகை இருந்தது. அம்மா இல்லை. பலகைக்குப் பக்கத்தில் மூன்று கல்லின் மேல், தாச்சி நிறையக் கொதிக்கிற எண்ணெய். பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களும் மோதிக்கொண்டு வந்தார்கள். லெச்சுமியக்கா திரும்பி ஓடிவந்து, தாச்சிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றார். "நில்லு தாயி, நில்லு, இந்தப் பக்கம் வராத" என்று கத்தினாராம். சனம் பிள்ளைகளைத் தள்ள, பிள்ளைகள் அவரைத் தள்ளினார்கள். தாச்சி ஆடி எண்ணெய் அவர் தோளிலும் கையிலும் கொட்டியது. அவர் விலகவில்லை. சனம் இரண்டாகப் பிரிந்து போனதும் பிள்ளைகளைப் பலகைக்குக் கீழே தள்ளி, வாணியை இறுக்கிக்கொண்டு தானும் படுத்துவிட்டார்.

குண்டுகள் குளத்துக்கு அப்பால் காட்டுக்குள் விழுந்தன. கோயிலடியில் யாரும் சாகவில்லை. நான் ஏறி வந்தபோது கௌபி ஒழுங்கையெல்லாம் சிந்திக் கிடந்தது. வாணியின் பாவாடையில் மண் மட்டும்தான். லெச்சுமியக்காவின் வலது கை முழங்கையிலிருந்து தோள்வரை வெந்திருந்தது. பல் கிட்டி, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் "அம்மா வந்துட்டாங்க பாரு" என்று பிள்ளையைத் தள்ளிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து குறைவு. ஒன்றரை மாதம் அந்தக் கைக்கு நான்தான் மருந்து கட்டினேன். துணியை நனைத்துப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தாங்க முடியாமல், நான் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினதை அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாததில்லை. அவரைக் கடந்துதான் நான் ஓடியிருந்தேன். எனக்கே நான் அந்நியமாகியிருந்த நாட்கள் அவை.

"கால் ஓடினது டீச்சர். நீங்கள் ஓடேல்லை" என்றார். "நானும் ஓடினனான்தானே."

"நீங்கள் திரும்பி வந்தனீங்கள்."

"எண்ணெயை அடுப்பில வைச்சது நான். அந்தப் பயம் பிளேனை விடப் பெரிசா வந்திட்டுது. வேற ஒண்டுமில்லை."

அவரைத் தைரியசாலி என்று ஊர் சொல்லத் தொடங்கியபோது அவருக்கு எரிச்சல் வந்தது. முன்பு வாசலில் இடம் தர மறுத்தவரே வந்து, அடுத்த வருடம் முன்னுக்குக் கடை போடச் சொன்னார். முடியாது என்றுவிட்டார். அவர் அதற்குப் பிறகு பொரிக்கவே இல்லை. எண்ணெய்ச் சத்தம் கேட்டாலே அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவார். அடுத்த ஆவணியில் அவர் கடையில் இருந்தவை அவித்த கச்சான், அவித்த மரவள்ளி, கௌபி, இலையில் வைத்து அவித்த கொழுக்கட்டை. வடை கேட்டு வந்தவர்கள் ஏமாந்து, பிறகு கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு மறுபடி வந்தார்கள். வலது கை முழுக்க நிமிராததால் இடது கையால் அள்ளிக் கொடுப்பார். அதற்காக ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார். விரதமோ என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை.

வாணியின் படிப்புக்காக நாங்கள் வவுனியாவுக்கு வந்து ஒன்றரை வருடம். கடிதத்தைப் படித்த மாலை அவளிடம் செய்தியைச் சொன்னேன். அழுது முடித்தாள். அதன் பிறகு, இத்தனை வருடம் மறைத்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். அண்டைக்குக் கோயிலடியில் அம்மா உன்னைத் தேடேல்லை, என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"தேடினனீங்கள்தானே" என்றாள். "பலகைக்குக் கீழ கிடக்கேக்க நான் அம்மா எங்கை எண்டு கேட்டனான். அம்மா உனக்குப் பங்கரில இடம் பிடிக்கப் போயிருக்காங்க, இப்ப வருவாங்க எண்டு லெச்சுமி மாமி சொன்னவா. குண்டு விழ விழச் சொல்லிக்கொண்டே இருந்தவா."

கை வெந்து, உயிர் போகிற பயத்தில், அந்தப் பிள்ளைக்கு அவர் அதைச் சொல்லியிருக்கிறார். என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. நான் வாணிக்கு உண்மையைச் சொன்னேன். பிறகு, "மாமிக்கு அது பொய் எண்டு தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் இருந்தாள். லெச்சுமியக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். என் மகள் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, தன் தாய் தனக்காகத்தான் ஓடினாள் என்று நம்பி என்னைப் பார்த்த அந்த நாலு வருடம்.