முதுகில் பொட்டில்லாத மீன்

மீன் சந்தையில் அவரை எல்லோரும் 'ஸ்டுடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடையை மூடி, அந்த இடத்தில் ஒரு பல் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் சிநேகிதர்களே செல்போனில் படமாக எடுத்துத் தள்ள ஆரம்பித்ததும், மனிதர் தொழிலை விடவில்லை, மணமக்களை மட்டும் விட்டார். இப்போது அவர் கேமராவுக்கு முன்னால் படுத்திருப்பவை மீன், நண்டு, இறால், கணவாய். இவர்களிடம் ஒரு பெரிய சௌகரியம், யாரும் கண்ணை மூடிவிடுவதில்லை. "என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று சண்டைக்கும் வருவதில்லை.

வேலை கொடுத்தது கடல் ஆராய்ச்சி நிலையம். இந்தக் கரையில் பிடிபடும் மீன்களையெல்லாம் படம்பிடித்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்று அங்கே ஓர் அம்மாள் முடிவு கட்டியிருந்தார். சந்தையில் அவருக்கு மீன் டாக்டர் என்று பெயர். "எல்லா டாக்டரும் உயிர் போறதுக்கு முன்னாடி வருவாங்க, இந்த அம்மா போன பிறகு வருது" என்பார்கள்.

ஸ்டுடியோவின் நடைமுறை இது. விடிந்ததும் சந்தைக்குப் போவார். நல்ல மீனாகப் பார்த்து ஐஸ் பெட்டியில் வாங்கி வருவார். ஈரத் துணியால் வழவழப்பைத் துடைத்து, தெர்மாகோல் பலகையில் படுக்க வைத்து, துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்துவார். பக்கத்தில் ஓர் அளவுகோல். தெரியாத மீன் என்றால் படமும் உடலும் டாக்டருக்கு. தெரிந்த மீன் என்றால் படம் டாக்டருக்கு, உடல் ஸ்டுடியோ வீட்டு அடுப்புக்கு. இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் திருப்தி.

டாக்டர் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தார். "ஐஸ் அடிச்ச கறை, ரத்தம், வலை கீறினது, இதெல்லாம் வேணும்னா கம்ப்யூட்டர்ல எடுத்துடுங்க சார். மத்தபடி மீன்ல கை வைக்காதீங்க."

இதை அவர் சொன்னது இருபது வருஷமாக மணப்பெண்களின் பருக்களை அழித்த கையிடம். அந்தக் கைக்குத் தலையின் உத்தரவு தேவையில்லை. ஒரு தடவை பெண்ணின் கன்னத்திலிருந்த மருவை அது எடுத்துவிட, "எங்க பொண்ணு எங்கே?" என்று பெண்ணைப் பெற்றவரே ஆல்பத்தை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறார்.

இப்படி இருக்கையில் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"சார், ஒரு சந்தோஷமான விஷயம். போன மாசம் ஒரு சிவப்பு மீன் படம் அனுப்பினீங்களே, மஞ்சள் கோடு போட்டது?"

"ஆமா மேடம், சாதாரண மீன்தானே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த வகையில எல்லா மீனுக்கும் முதுகுல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். இதுல இல்ல சார்! சுத்தமா இல்ல. புது இனமா இருக்கலாம். வர்ற கூட்டத்துல பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி படத்தைக் காட்டப் போறேன். உறுதியாயிடுச்சுன்னா உங்க பேரையே அதுக்கு வைக்கலாம்னு இருக்கேன்."

ஸ்டுடியோ போனைக் கீழே வைக்கும்போது அவர் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார். தெரு முழுவதும் செய்தி பரவ அதற்கு மேல் எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. மனைவியின் தம்பி, மாமாவை இதுவரை மனிதக் கணக்கிலேயே சேர்க்காதவன், அன்று சாயங்காலமே வந்து நின்றான்.

"மாமா, மீனுக்கு உங்க பேரா, இல்ல உங்களுக்கு மீன் பேரா? தெளிவா சொல்லுங்க, நான் வெளியில சொல்லணும்."

"போடா" என்றார் ஸ்டுடியோ. ஆனால் முகம் சிரித்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவரை மரியாதையாக ஒருவர் ஏறிட்டுப் பார்த்தது அன்றுதான்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. பொட்டு இல்லையா? அல்லது பொட்டை நாம் எடுத்துவிட்டோமா?

கையைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். படத்தைத் திருத்தினால் அதன் மேலேயே சேமிப்பது அவர் வழக்கம். கேமரா கார்டையும் அழித்து அழித்துப் பல தடவை நிரப்பியாயிற்று. முதலில் எடுத்த படம் எங்கேயும் இல்லை. மீனோ வீட்டார் வயிற்றில் போய், அங்கிருந்தும் போயாயிற்று.

"ஏம்மா, அந்தச் சிவப்பு மீன் முதுகுல கறுப்பா பொட்டு இருந்துச்சா?"

"செதில் உரசும்போது பார்த்த மாதிரிதான் இருக்கு" என்றார் மனைவி. கொஞ்சம் யோசித்து, "இல்ல, அது கத்தியில இருந்த கரியோ என்னவோ. படம் எடுத்தது நீங்க, கேக்கறது என்னையா?"

மைத்துனன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "நானும் அன்னிக்கு சாப்பிட்டேன் மாமா. ஆனா அக்கா பொரிச்சா எல்லாப் பக்கமும் கறுப்புதான். அதுல பொட்டை எங்க போய்த் தேடறது?"

மறுநாள் சந்தையில் மீன்காரம்மாவைக் கேட்டார்.

"தம்பி, கூடையில விழற ஒவ்வொரு மீன் மூஞ்சியையும் ஞாபகம் வச்சிருந்தா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேன். சரி, உனக்கு எது நல்லது? இருந்துச்சுன்னா நல்லதா, இல்லன்னா நல்லதா? அதைச் சொல்லு, அப்படியே சொல்லிடறேன்."

எது நல்லது என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை. இல்லையென்றால் கடலில் ஒரு மீன் அவர் பெயரைச் சுமந்துகொண்டு நீந்தும். இருந்தது என்றால், அந்த அம்மாள் பெரிய ஆட்களுக்கு முன்னால் ஸ்டுடியோவின் கைவேலையைக் காட்டி, கடலின் கைவேலை என்று பேசப்போகிறார். எவனாவது எழுந்து கேட்டால்? டாக்டர் பல வருஷம் படித்த படிப்பு ஒரு பரு அழிக்கிற கையால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

கடைசியில் கையையே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். பொட்டுள்ள இரண்டு மீன்களை வாங்கிப் படமெடுத்து, ரேடியோவைப் போட்டுவிட்டு, எதையும் யோசிக்காமல் திருத்த உட்கார்ந்தார். நடுவில் மனைவி கொடியில் துணி எடுக்கக் கூப்பிட்டார். போய்விட்டு வந்தார். மிச்சத்தையும் முடித்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஒரு மீனில் பொட்டைக் காணோம். இன்னொன்றில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியாதுன்னா பேசாம இருங்களேன்" என்றார் மனைவி. "பொய் சொன்னாத்தானே தப்பு? நீங்கதான் எதுவுமே சொல்லலியே."

"அந்தம்மா மேடையில நிப்பாங்களே."

"நின்னா நிக்கட்டும். உங்க பேர்ல ஒரு மீன் இருந்துட்டுப் போகட்டுமே!" மனைவியின் குரல் கொஞ்சம் கெஞ்சியது. அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. குழம்பிய நிலையிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரின் அறையில் சுவர் நெடுக பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீன், வெளுத்துப்போய், கேள்வி கேட்பதுபோல் வாயைத் திறந்துகொண்டு.

"மேடம், அந்தப் பொட்டை நான் அழிச்சிருக்கலாம்."

டாக்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அழிச்சீங்களா?"

"அழிச்சிருக்கலாம்."

"அப்ப அழிக்கலையா?"

"அழிக்காமலும் இருந்திருக்கலாம் மேடம்."

"சார், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

"ஒண்ணு தெரிஞ்சா நான் ஏன் மேடம் இவ்வளவு தூரம் வர்றேன்?"

டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். மீன் போய்ச் செதிலாகி, செதில் போய்க் கட்டம் கட்டமாக நின்றது. "பக்கத்துச் செதிலை நகலெடுத்து ஒட்டியிருந்தா ஒரே மாதிரி தெரியும்" என்று முணுமுணுத்தார். "இங்க ஒரே மாதிரிதான் இருக்கு."

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதானே மேடம் இருக்கு. படைச்சவரே நகலெடுத்துத்தான் ஒட்டியிருக்கார்."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்பது ஸ்டுடியோவுக்குப் புரியவில்லை. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

"அதையும் யோசிச்சுப் பார்த்தேன்."

டாக்டர் கூட்டத்துக்கான படங்களிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்தார். "இனிமே கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க சார். கேமராவுல வந்தது வந்தபடி குடுங்க. அந்த மீன் திரும்பக் கிடைச்சா, படமா வேண்டாம். மீனாவே கொண்டு வாங்க."

அதன் பிறகு ஸ்டுடியோ தினமும் கூடை கூடையாகக் குனிந்து பார்த்தார். ஒரு காலையில், மீன்காரம்மாவின் தட்டில், சிவப்பு உடம்பு, மஞ்சள் கோடு, முதுகில் ஒன்றுமே இல்லாத ஒரு மீன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மீன்காரம்மாவையும் பார்க்கச் சொன்னார். "மொழுமொழுன்னு இருக்குப்பா, பொட்டே இல்ல" என்று அவளும் சொன்னாள். ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்.

டாக்டர் மூடியைத் திறந்தார். இருவரும் குனிந்தார்கள். முதுகில், பொட்டு இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாக இருந்தது.

"ஐஸ்ல கிடந்தா நிறம் மாறும் சார்" என்றார் டாக்டர் மெதுவாக. "இருக்கிற பொட்டு மங்கிப்போகும். ஆனா இல்லாத பொட்டு வர்றது..." முடிக்காமல் நிறுத்தினார். "சந்தையிலயே ஒரு படம் எடுத்தீங்களா?"

"இல்லியே மேடம். நான் எடுத்தா நம்ப மாட்டீங்கன்னுதான் எடுக்கல."

டாக்டர் அவரைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். பிறகு ஒரு காலி பாட்டிலை எடுத்து மீனை உள்ளே இறக்கினார். வெளியே ஒட்டிய சீட்டில் மீனின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார்.

வீட்டில் வாணலி அடுப்பில் ஏறியிருந்தது.

"என்ன சொன்னாங்க? பேர் உண்டா, இல்லியா?"

"தெரியல."

"மீன்ல பொட்டு?"

"அதுவும் தெரியல."

"சரி, மீனையாவது குடுங்க, எண்ணெய் காயுது."

"பாட்டில்ல போட்டுட்டாங்க."

மனைவி அடுப்பை அணைத்தார்.