முதல் வரியா, விட்ட இடமா

கணினித் திரையில் ஒரு சின்னக் கோடு சிமிட்டிக்கொண்டே இருக்குமே, அடுத்த எழுத்து இங்கேதான் விழும் என்று காட்டுகிற கர்சர், அதை இப்போதெல்லாம் என்னால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை. வேலைக்குப் போன காலம் முழுக்க அதோடு குடித்தனம் நடத்தியவள் நான். என் வீட்டுக்காரரோடு நான் போட்ட முதல் சண்டையே அது எங்கே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்போது அவர் வீட்டுக்காரர் இல்லை, எதிர் மேசைக்காரர். மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். தமிழும் கன்னடமும் எழுத ஒரு எடிட்டர் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். கருப்புத் திரையில் எடிட்டரின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டினால் கோப்பு திறக்கும். நடுவில் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்தால் வேறு விதமாகத் திறக்கும். அந்தச் சேர்க்கைக்குத்தான் ஆப்ஷன் என்று பெயர். யாருக்கு ஆப்ஷன் வேண்டுமோ, அவர் நிரல் எழுதும் முன்பே, அதை விளக்கி உதவிப் பக்கத்தில் வரப்போகும் வாக்கியத்தை எழுதி, எழுந்து நின்று எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் அந்த ஆப்ஷன் கிடையாது. அது எங்கள் அலுவலகத்து வழக்கம்.

நான் எழுந்து படித்தேன்: "கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், முதல் வரியில் திறக்கும்." இதில் யார் என்ன சொல்லிவிட முடியும் என்று உட்காரப் போனால், எதிர் மேசைக்காரர் எழுந்துவிட்டார். "விட்ட இடத்தில் திறக்கும்," என்றார். அவ்வளவுதான் அவர் வாக்கியம்.

"தலை எது வால் எதுன்னு பார்க்காம நடுவுல குதிச்சா, மேல இருக்கிற தப்பை யார் பார்க்கிறது?" என்று கேட்டேன்.

அவர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க மேடம், பாதி ரோட்டுல உட்ட வண்டிய எடுக்க, மறுக்கா ஊட்டுல இருந்து கெளம்போணுமாக்கும்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! விடுவேனா? முதலாளி பாவம், கன்னடக்காரர். "ஆய்து, பிடி. எரடூ இர்லி," என்று சண்டையை விடச் சொல்லி, இரண்டையும் இருக்கச் சொல்லிவிட்டார். வெறுமே திறந்தால் என் முதல் வரி. -v சேர்த்தால் அவருடைய விட்ட இடம். உதவிப் பக்கத்தின் முதல் வரியாகவே என் வாக்கியம் ஏறியது. அப்போதும் ஒரு நிபந்தனை போட்டேன். கோப்பைச் சேமித்தவர் கர்சரை எங்கே விட்டாரோ, அந்த இடத்தை மட்டும் நினைவு வைத்தால் போதும். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு மூடிப் போகிறவர்கள் கணக்கில் வேண்டாம். அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆனால் மனுஷன் வாழ்ந்ததும் அந்த -v மாதிரியேதான். வெள்ளிக்கிழமை பாதியில் நின்ற வாக்குவாதத்தை, ஊருக்குப் போய்த் திரும்பி, திங்கட்கிழமை அதே வார்த்தையிலிருந்து தொடர்வார். எழுதியதை மேலிருந்து ஒரு தரம் படியுங்களேன் என்றால், "படிச்சுக்கலாம் இரு," என்பார். படித்ததேயில்லை.

அலுவலகம் மூடிய பிறகும், எங்கள் விஜயநகர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்த எடிட்டரை அவர்தான் பராமரித்தார். இன்னமும் சிலர் அதில்தான் எழுதுகிறார்கள். உதவிப் பக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை.

அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டியவள் நான்தான். ஆனால் நான் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சேமித்தாலும் அவர் விட்ட இடம் அழிந்துபோகும். அந்த இடத்தைப் பார்க்கவும் தைரியமில்லை. காலையில் காபியோடு உட்கார்ந்து, கோப்பின் பெயரை மட்டும் தட்டுவேன். என் முதல் வரியில் திறக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன வாரம் என்ன தோன்றியதோ, -v சேர்த்துத் தட்டினேன்.

அதே முதல் வரிதான் வந்தது. ஆப்ஷன் கெட்டுவிட்டதோ என்று ஒரு நிமிஷம் பதறினேன். பிறகுதான் கவனித்தேன். என் வழியில் திறந்தால் கர்சர் முதல் எழுத்தில் நிற்கும். இப்போது வரியின் கடைசியில், முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் நின்றது. 'முதல் வரியில் திறக்கும்' என்ற என் வாக்கியத்தின் முடிவில். மேலிருந்து படித்துப் பார்க்க வந்தாரோ, என்னை வம்புக்கு இழுக்க ஏதாவது சேர்க்க வந்தாரோ, யாருக்குத் தெரியும்! இத்தனை நாளும் அவர் விட்ட இடத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, தினமும் அந்த வரியில்தான் போய் நின்றிருக்கிறேன். காபி ஆறும்வரை அழுதேன்.

அப்புறம் முதல் தடவையாகக் கர்சரைக் கீழே இறக்கி, மீதிப் பக்கத்தைப் படித்தேன். எல்லா ஆப்ஷனுக்கும் வாக்கியம் எழுதியிருந்தார். -v மட்டும் காலியாக இருந்தது. எழுந்து நின்று உரக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து தட்டினேன்: விட்ட இடத்தில் திறக்கும்.

சேமிக்கும் முன் கர்சரை முதல் வரிக்கு ஏற்றி, அவர் விட்ட அந்த முற்றுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகுதான் சேமித்தேன். அது அங்கேயே சிமிட்டிக்கொண்டிருந்தது.