முதுகைக் காட்டும் மச்சான்

போன வியாழக்கிழமை ஒரு படத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அதை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எப்படிக் கொண்டுபோவது? கொண்டுபோய் என்ன சொல்வது?

விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், சம்பங்கிப் பூ விவசாயம் செய்தவர். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். வெள்ளிக்கிழமை முதல் வருஷத் திதி. போட்டோ எடுப்பதென்றாலே அவருக்கு ஆகாது; கல்யாணத்துக்குக்கூட எடுக்க விடவில்லை. இருந்தது ஆதார் கார்டுப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம்...

"யார்றா இது, ஜெயில்லருந்து தப்பிச்சவன் மாதிரி? இதுக்கு நான் மாலை போட மாட்டேன்" என்றாள் அக்கா. அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அந்த மனுசன் மூஞ்சிய நல்லபடியாப் பாத்து ஒரு கும்பிடு போடணும் தம்பி. எப்படியாச்சும் ஏற்பாடு பண்ணு."

நானும் தலையாட்டிவிட்டேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடும். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இப்போது ஓவியம் வரைகிறார். மச்சானை அவருக்கு நன்றாகத் தெரியும். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை - ஐந்து வருஷம் இருவரும் ஒரே குழுவில் நடந்தவர்கள்.

"போட்டோ எதுக்குண்ணே? ஆளு மனசுல இருக்காரு" என்றார்.

"அப்ப உங்க மனசுல இருக்கிற மாதிரியே வரைஞ்சிருங்க" என்றேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. தேவைக்கு மேல் ஒரு வாக்கியம் பேசிவிட்டு, பிறகு அதற்குப் பரிகாரம் தேடி அலைவது என் வழக்கம். உங்களுக்குத்தான் தெரியுமே!

படத்தில் பழனி ரோடு. காலை வெயில். பச்சை வேட்டி, செருப்பில்லாத கால், தோளில் துண்டு, லேசாக இறங்கிய இடது தோள். மச்சானேதான்! ஆனால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறார்.

"மிலிட்டரி... மூஞ்சி எங்க?"

"அந்தப் பக்கம் இருக்குண்ணே."

"விளையாடாதீங்க. நாளைக்குத் திதி! நெத்தியே இல்லாத படத்துக்குச் சந்தனத்த எங்க வைக்கிறது?"

அவர் விளையாடவில்லை. பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பனி மலையில ரோந்து போறப்ப வரிசையாத்தான் போகணும். முன்னால போறவன் கால் வச்ச தடத்துலதான் நான் வைக்கணும். மாத்தி வச்சா ஆளு காலி. எல்லார் தலையிலயும் குல்லா, கண்ணுல கண்ணாடி... மூஞ்சி எங்க தெரியும்? தோளை வச்சுத்தான் இவன் இன்னாருன்னு சொல்லுவோம். பாதயாத்திரையிலயும் உங்க மச்சானுக்குப் பின்னாலயேதான் நடந்தேன். அவர் மூஞ்சியவும் பாத்திருக்கேன், இல்லேங்கல. வரைய உக்காந்தா அது வர மாட்டேங்குதுண்ணே. மூணு தடவை அழிச்சுட்டேன்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓவியம் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் இது கொஞ்சம் பிடிபட்டது. பள்ளியை விட்டதும் ஒரு ரெடிமேட் கடையில் சேர்ந்தேன். இன்றைக்கும் எதிரில் யார் வந்தாலும் என் கண் முதலில் சட்டை அளவைத்தான் எடுக்கிறது. நாற்பதா, நாற்பத்திரண்டா? பேர் ஞாபகம் வருவதெல்லாம் அப்புறம்தான். பிழைத்த பிழைப்பு கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது போல.

சரி என்று நிம்மதியாக இருக்க விடுகிறதா மனசு? அடுத்த தெருவில் இன்னொரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார். செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடாமல் காபிகூடக் குடிக்க மாட்டார். அவரும் அதே மாதிரி வரிசையில்தானே நடந்திருப்பார்? அப்படியென்றால் மிலிட்டரிக்கு இந்தக் கண்ணைக் கொடுத்தது பட்டாளமா, இல்லை... பிறக்கும்போதே இருந்ததா?

யோசித்து யோசித்து ஒன்றும் விளங்காமலே வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

வேறு வழி? அக்கா வீட்டுக் கூடத்தில் படத்தை நாற்காலியில் வைத்து, சுற்றியிருந்த துணியை எடுத்தேன். மச்சானின் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன மாப்ள, எந்தம்பி கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டானா?"

கூடத்தில் சிரிப்பு.

"சித்த திருப்பி வையிப்பா, பின்னால மூஞ்சி இருக்கப்போகுது!" என்றார் இன்னொருவர்.

மறுபடியும் சிரிப்பு. துணியைத் திரும்ப எடுத்து மூடப் போனேன். அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, அது வந்து... பட்டாளத்துல இவங்க வரிசையா..."

"சும்மா இருடா."

பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"முப்பது வருசம்... பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி. இவரு முன்னால விறுவிறுன்னு போவாரு, நான் பின்னால ஓடணும். வாராளா இல்லையான்னு ஒருநாள் திரும்பிப் பாத்திருப்பாரா? இப்பவும் பாக்கல பாரு!"

அழுதாளா, திட்டினாளா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, பேச்சில் காரமும் இருந்தது. மாலையை அவளே போட்டாள். விளக்கை ஏற்றினாள். சந்தனக் கிண்ணத்தை நான் பயந்துகொண்டே நீட்டினேன்.

"பொட்டு வைக்கணுமேக்கா..."

கிண்ணத்தை வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"திரும்பட்டும். வைக்கிறேன்."

அதோடு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம்.

ஊருக்கு வந்ததிலிருந்து மிலிட்டரி என்னை விடுவதில்லை. "படம் அக்காவுக்குப் பிடிச்சுச்சாண்ணே?" முகத்தைப் பார்த்துக் கும்பிட ஆசைப்பட்டவளுக்கு முதுகைக் கொடுத்திருக்கிறோம்... பிடித்தது என்று சொல்வதா, பிடிக்கவில்லை என்று சொல்வதா? நேற்றுக் காலையில் அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

"அப்புறமாப் பேசு தம்பி, கையெல்லாம் ஈரம். அவரு முன்னால நேத்து வச்ச சந்தனம் காஞ்சுபோச்சு... புதுசாக் குழைச்சுக்கிட்டு இருக்கேன்."