மூன்று ஊர்க் கேஜ்

பந்தயத் தடத்தில் கார் ஓட்டப் பழகுகிறேன், ரயர் அழுத்தத்தைப் பிழையில்லாமல் காட்டும் கேஜ் ஒன்று வேண்டும் என்று குடும்ப வட்சப் குழுவில் எழுதியதுதான் நான் செய்த பிழை. திருவிழாவுக்கு வந்த சித்தப்பா லண்டனிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். மச்சான் ரொறன்ரோவிலிருந்து ஒன்று. யாழ்ப்பாணத்தில் வாங்கியது ஏற்கெனவே என்னிடம் இருந்தது.

முற்றத்தில் நின்ற காரின் முன் ரயரில் மூன்றையும் சோதித்தோம். லண்டன் முப்பத்திரண்டு காட்டியது. ரொறன்ரோ முப்பத்தொன்று. என்னுடையது முப்பது.

"உது குளிர் நாட்டுச் சாமான். இஞ்சத்தை வெக்கைக்குச் சரிவராது," என்றார் சித்தப்பா, ரொறன்ரோக் கேஜைக் காட்டி.

"லண்டனிலை மட்டும் வெயிலே கொளுத்துது, மாமா?" என்றான் மச்சான்.

மறுபடி வைத்தபோது லண்டனே இருபத்தொன்பதுக்கு இறங்கியது. சித்தப்பா அதைக் காதருகே பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வெளியேறுவது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. அவர்களோ நாட்டு மானத்துக்காக மாறி மாறி அளந்தார்கள். கடைசியில் வால்வின் ஊசி உள்ளே சிக்கி, மிச்சக் காற்றும் சீறிக்கொண்டு போய்விட்டது.

"இப்ப ஒருக்கா வைச்சுப் பாருங்கோ," என்றேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மூன்றும் பூச்சியம் காட்டின.

சித்தப்பா முகம் மலர்ந்து நிமிர்ந்தார். "பாத்தியே பிள்ளை, மூண்டும் திறம் சாமான்."