தர்மபுரியில் ஒரு பவளம் வெளுத்த கதை

இன்று பல் டாக்டர் வாசலில் காத்திருந்தபோது டிவியில் கடலடியைக் காட்டினார்கள்.

கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை வெளேரென்று பவளப்பாறை.

பக்கத்து நாற்காலிக்காரர் வீங்கிய தாடையைப் பிடித்தபடி சொன்னார்: "எவ்ளோ சுத்தமா இருக்குது பாருங்க!"

நான் சிரிக்கவில்லை. ஏறக்குறைய அதே வாக்கியத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். (தவளை சப்ளைக்குப் பொறுப்பு என்று படிக்கவும்.)

எங்கள் விரிவுரையாளர் கேத்தரின் மேடம் மண்டபம் கடற்கரைக்குப் போய்வந்தபோது கையளவு உயிருள்ள பவளத்தையும் சில கேன் கடல்நீரையும் கொண்டுவந்தார். (அப்போது யாரும் கேட்கவில்லை. இன்று செய்தால் ஜாமீன் கிடைப்பது கஷ்டம்!)

பவளம் என்றதும் மோதிரக் கல்லை எதிர்பார்த்துக் கல்லூரியே திரண்டது. தொட்டியில் இருந்ததோ வறட்டி நிறத்தில் ஒரு கல்.

அட்டெண்டர் காதர் பாய் கேட்டார்: "இதுக்கா மேடம் அவ்ளோ தூரம் போனீங்க? நம்மூரு கரட்டு மேட்டுல லோடு லோடா கெடக்குதுங்களே!"

"இது கல்லு இல்ல பாய். உசுரு இருக்குது."

"உசுரு இருந்தா எதாச்சும் திங்கணுமில்லீங்க?"

"சமைச்சுப் போட உள்ளயே ஒரு பாசி குடியிருக்குது. இந்தப் பழுப்பு நெறமே அதுதான்."

ஏப்ரலில் மேடம் விடைத்தாள் திருத்த சேலம் போனார். பத்து நாள். எனக்கு ஒரே உத்தரவு: "தண்ணி முப்பது டிகிரியத் தாண்டக் கூடாது சார். தொட்டியச் சுத்தி ஈரச் சாக்கு எப்பவும் இருக்கணும்."

இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள், இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஊரில் கமிட்டி வந்தால், நடைபாதை ஓரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிடுவது வழக்கம். கல்வித்தரம் தூரத்திலிருந்தே தெரியும்.

பிரின்சிபால் லேபுக்கு வந்தார்.

"என்னய்யா இது கோணிச் சாக்கு? இதென்ன மாட்டுக்கொட்டாயா? எடு எடு! அந்தக் கல்லு வேற ஏன்யா இவ்ளோ அழுக்கா கெடக்குது?"

எடுத்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயில். தெர்மாமீட்டர் முப்பத்திமூன்றைக் காட்டியது; பிறகு முப்பத்திநான்கு. ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஒழுங்காக எழுதினேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது.

கமிட்டி வந்த அன்று பவளம் பால்போல வெளுத்திருந்தது!

பிரின்சிபாலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா காதரு? மனசு வெச்சா முடியுதில்ல?"

"நான் ஒண்ணுமே பண்ணலீங்களே..."

கமிட்டி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவருக்குக் கை கொடுத்தது. நான் பதிவேட்டில் எழுதினேன்: 'தொட்டி மிகவும் சுத்தமாக உள்ளது.'

மறுநாள் மத்தியானம் மேடம் தோள் பையோடு நேராக லேபுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"சாக்கு எங்க சார்?"

பதிவேட்டை நீட்டினேன். படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க."

அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

காதர் பாய் மெதுவாகக் கேட்டார்: "செத்துருச்சுங்களா மேடம்?"

"இன்னும் இல்ல பாய். சூடு தாங்காம பாசி வெளிய போயிருச்சு. இப்பத் தெரியற வெள்ளை பவளத்தோட எலும்பு. பட்டினி கெடக்குது. சூட்டை எறக்கினா பாசி திரும்பி வரலாம். இல்லேன்னா ரெண்டு மூணு வாரந்தான்."

கல்லூரியில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான்: கனத்த கல்சுவரும் வெட்டிவேர்த் தட்டியும் உள்ள பிரின்சிபால் அறை.

தொட்டியோடு போய் நின்றோம்.

"என் ரூம்லயா? அப்ப நான் எங்கய்யா போறது?"

மேடம் அமைதியாகச் சொன்னார்: "லேப்ல எடம் காலியா இருக்குதுங்க சார். முப்பத்திநாலு டிகிரிதான்."

பிரின்சிபால் குனிந்து பவளத்தைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த ஃபைல்களை அவரே வாரி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

காதர் பாய் பஸ் ஸ்டாண்டிலிருந்து தினமும் ஐஸ் வாங்கி வந்தார். நேராகப் போட்டால் உப்பு குறையும் என்பதால், மூடி போட்ட தூக்குப்போசியில் அடைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டோம். ஒரே நாளில் இல்லை, தினம் கொஞ்சமாகச் சூட்டை இறக்கினோம்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஓர் ஓரம் நிஜமாகவே செத்துப்போனது.

ஆறாவது வாரம், ஏதோ ஃபைல் எடுக்க உள்ளே போன பிரின்சிபால் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"மேடம்! கல்லு அழுக்காவுது மேடம்! இந்தப் பக்கமெல்லாம் அழுக்கு!"

ஓர் அரசு ஊழியர் அழுக்குக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

இன்று கடலே சூடாகி, மைல் கணக்கில் பவளங்கள் பட்டினி கிடக்கின்றன. சூடு தாங்கும் ரகங்களைத் தேடி எடுத்து, துண்டு துண்டாக நட்டு வளர்க்கிறார்களாம். நல்ல வேலை, அவர்களுக்கு என் வணக்கம்.

எங்கள் கையளவுப் பவளத்துக்காக ஒரு மனிதர் ஃபைலோடு வராந்தாவுக்குப் போனார்.

கடலுக்காக யார் எழுந்திருப்பது? நாற்காலியில் இருப்பவர்கள் சொல்லுங்கள். (நானும் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன்.)