மிச்சம் பிடித்த நேரம் யாருக்குப் போனது?

பிரிண்டரிலிருந்து வந்து விழும் கல்யாணக் கவரைக் கையில் எடுத்தால் ஒரு சூடு இருக்கும்... இஸ்திரி போட்டு முடித்த துணி மாதிரி. கூடவே கருகின மையின் வாசம். நாகல் நகரில் நான் வேலை பார்த்த டைப்பிங் கடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அதற்கு அடுத்து வருவது கோபம். இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை. அதனால் நண்பர்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. சித்தையன்கோட்டையில் அம்மாவிடம் அவளை விட்டுவிட்டுக் காலையில் பஸ் ஏறுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே கடை ஓனர் அண்ணன் ஒரு வாக்கு கொடுத்தார்.

"அன்னன்னைக்கு உள்ள வேலைய முடிச்சிட்டா நீ பாட்டுக்குக் கெளம்பும்மா. கைப்புள்ளக்காரிய நான் எதுக்குப் பிடிச்சு வைக்கப் போறேன்?"

அதை நம்பித்தான் கம்ப்யூட்டரைக் குடைய ஆரம்பித்தேன். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் பாப்பா பசித்து அழுவதற்குள் வீட்டில் இருக்கலாம். அதை விட்டால் அடுத்த பஸ் போய்ச் சேர இருட்டிவிடும்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஹெல்ப் பக்கங்களை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன்.

பத்திரிகைக்குப் பத்திரிகை "நிகழும் மங்களகரமான" என்று முழுசாக அடிக்க வேண்டியதில்லை. ஆட்டோ கரெக்டில் போட்டு வைத்தால் இரண்டு எழுத்து அடித்து ஸ்பேஸ் தட்டினாலே முழு வரியும் வந்துவிடும். எக்செல்லில் ஒரே ஊர்ப் பெயரைக் கீழே வரை நிரப்ப கண்ட்ரோல் டி. இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே மெயில் மெர்ஜ்! விலாசங்களை எக்செல்லில் ஏற்றிவிட்டு, வேர்டில் ஒரே ஒரு கவரை மட்டும் சரிசெய்தால் போதும். மற்ற கவர்களில் பெயரும் ஊரும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை எங்கள் கடையில் ஒவ்வொரு கவருக்கும் பழைய பெயரை அழித்து, புதுப் பெயரை அடித்துக்கொண்டிருந்தோம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் மகள் கல்யாணக் கவர்களுக்காக வந்திருந்தார். விலாசங்களை முதல் நாளே கொடுத்துவிட்டதால் நான் ஏற்றி வைத்திருந்தேன். கடையில் கஸ்டமர் பெஞ்ச் எங்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம். அங்கிருந்து பார்த்தால் மானிட்டரின் முதுகுதான் தெரியும். கீபோர்டு சத்தம் மட்டும் கேட்கும்.

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கவர்கள் கட்டுக்கட்டாக வந்து விழுந்துவிட்டன.

"ஏனுங்க, அதுக்குள்ள ஆயிப்போச்சுங்களா? அந்தப் புள்ள தட்டுன சத்தமே கேக்கலீங்களே..."

ஒன்றுமே செய்யாத வேலைக்கு எதற்கு முழுக் கூலி என்று பேரம் பேசி, குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஓனர் அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"ஏம்மா, இம்புட்டு வெரசா முடிச்சா நம்மள எவன் மதிப்பான்? சத்தம் கேக்கணும்மா. வேல முடிஞ்சாலும் பெஞ்சுல ஆளு உக்காந்திருக்கற வரைக்கும் தட்டிக்கிட்டே இரு."

"அண்ணே, நாலு மணி பஸ்ஸு போயிரும்ணே... பாப்பா பசியில கெடக்கும்."

"செத்த நேரந்தானம்மா. அடுத்த பஸ்ஸுல போ."

செத்த நேரமாம்!

அன்றிலிருந்து இதுதான் என் பிழைப்பு. வேலையை மதியமே முடித்துவிடுவேன். பிறகு ஒரு காலி ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பேன். என்ன அடித்தேன் என்கிறீர்களா? ஓனர் அண்ணனைத் திட்டித்தான். வாய்க்கு வந்த வசவு அத்தனையும், பக்கம் பக்கமாக. சேவ் பண்ணாமல் மூடிவிடுவேன். எதிரே உட்கார்ந்திருந்த கஸ்டமர்களோ, "பாவம், புள்ள நிமிராம வேல பாக்குது" என்று பாராட்டினார்கள்.

சாயங்காலம் ஆக ஆக மார்பு கட்டிக்கொள்ளும். பால் கசிந்து ஜாக்கெட் நனையும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தட்டுவேன். நாலு மணி பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போவது காதில் விழும்.

கொஞ்ச நாளில் பாப்பா புட்டிப்பாலுக்குப் பழகிவிட்டாள். ஓடிப் போய்த் தூக்கினாலும் என்னிடம் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"விடுடி, வயிறு நெறஞ்சா சரிதான்" என்றாள் அம்மா. எனக்குச் சரியாகப் படவில்லை. இன்றுவரை படவில்லை. மாசம் பிறந்ததும் அந்தக் கடையை விட்டு நின்றுவிட்டேன்.

இப்போது ஒரு மில் ஆபீஸில் இருக்கிறேன். ஏசி ரூம், எல்லோர் மேசையிலும் லேப்டாப். நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக் கற்றதை இன்றைக்குப் பிள்ளைகள் போனில் ஒரு வீடியோ பார்த்தே பிடித்துக்கொள்கிறார்கள். பொறாமையாகக்கூட இருக்கிறது... ஆனால் அந்தப் பிள்ளைகளும் இருட்டின பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். நேரத்தை மிச்சம் பிடிக்கிற டிப்ஸை எல்லோருக்கும் சொல்லித் தர வேண்டுமாம். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில், பிரசவ லீவு முடிந்து வந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இதெல்லாம் கத்துக்கிட்டா சாயங்காலம் வெள்ளன வீட்டுக்குப் போயிரலாமாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

"மிச்சமாகுற நேரத்துல அடுத்த ஃபைலப் பாக்கலாம்லம்மா!"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. மவுஸைக் கீழே வைத்தேன்.

"சார், முடிச்சவங்க கெளம்பலாம்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. அது வந்தப்பறம் மிச்சத்தச் சொல்லித் தாரேன்."

மேனேஜர், "பாக்கலாம் மேடம்" என்று எழுந்து போனார்.

மெயில் இன்னும் வரவில்லை. நானும் இன்னும் சொல்லித் தரவில்லை.