பட்டியலில் இல்லாத பெட்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தால் சீக்கிரம் போகவும் போகாது. இது நல்லதுக்கில்லை என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அதில் வருத்தமில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி. அதன் சர்வர் ரூம் பதினோரு வருஷம் என் பொறுப்பில் இருந்தது. கரையான்சாவடியிலிருந்து பைக்கில் வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். தூசி ஆகாது என்பது ஒரு காரணம், உள்ளே பிள்ளையார் படம் இருந்தது இன்னொன்று. முதலாளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். புதிதாக வந்த ஐடி மேனேஜர் மட்டும் முதல் நாளே ஷூவோடு நடந்தார்.

இனி இந்தக் கம்ப்யூட்டர் மெஷின்கள் நம்மிடம் வேண்டாம், வெளியே ஒரு டேட்டா சென்டர்காரர்களிடம் கொண்டுபோய் வைத்துவிடலாம், கரண்ட், குளிர், காவல் எல்லாம் அவர்கள் பாடு என்று முடிவெடுத்ததும் அவர்தான். யோசனையில் தப்பில்லை. ரூம் காலியானதும் எனக்கு ஸ்டோரில் போல்ட் நட் எண்ணும் வேலை என்றார்கள். அதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் மீட்டிங்கில் இருபது பேர் முன்னால், "சார், ரூம்ல இன்னொரு மெஷின் இருக்கு" என்று நான் ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க ஏசி வாட்ச்மேன்தானே? குளிருதான்னு பாருங்க. லிஸ்ட் போட்டாச்சு. லிஸ்ட்ல இருக்கறத மட்டும் அனுப்புங்க, போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

நான் சொல்ல வந்தது மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பற்றி. லாரி வெளியே போக கேட்டில் அச்சாகும் கேட் பாஸ் சீட்டு அதிலிருந்துதான் வரும். ஏதோ ஒரு ஆயுத பூஜையில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளையார் படத்தையும் அதன் தலைமேல் ஏற்றினோம். பிறகு எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வருஷா வருஷம் பொட்டு ஏறி, முன்னால் மஞ்சள் துணி தொங்கி, பெட்டி சாமி மேடையாகவே ஆகிவிட்டது. மேனேஜர் பேப்பரோடு சுற்றி வந்து லிஸ்ட் எழுதியபோது அதற்கு ஒரு கும்பிடு போட்டார், ஷூவோடுதான். போட்டுவிட்டு அடுத்த ரேக்குக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து ரேக்குகளைக் காலி செய்தார்கள். மூலைக்கு வந்தவர், "சாமிய நீயே எட்துக்கண்ணா, நாங்க தொடமாட்டோம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

"அது இங்கியே இருக்கட்டும்" என்றேன். லிஸ்டில் இல்லையே.

மதியம் மேனேஜர் போன் செய்தார். "எல்லாம் போயாச்சில்ல? மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கிளம்புங்க."

சுவிட்சுக்குப் பக்கத்தில் கை கொஞ்சம் நின்றது. பதினோரு வருஷத்தில் அதை நானாக அணைத்ததில்லை. அந்த இருபது பேரின் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். அணைத்தேன். செய்தது அயோக்கியத்தனம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

திங்கள் காலையில் கேட் செக்யூரிட்டி அண்ணன் போனில் கத்தினார். "இன்னாபா, சீட்டே வர்ல! லாரிங்க ரோடு வரிக்கும் நின்னுகினு கீது. டிரைவருங்க என்னைப் போட்டு வறுக்கிறானுங்க!"

அவருக்காக மட்டும் மனசு உறுத்தியது. "மேனேஜரைக் கேளுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, காலி ரூம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பின்னாலேயே இரண்டு டிரைவர்கள், அன்று சிரித்தவர்களில் நாலைந்து பேர்.

"கேட் பாஸ் எந்த மெஷின்ல ஓடுது? டேட்டா சென்டர்ல தேடிட்டாங்க, இல்லையாம்."

"எனக்கென்ன சார் தெரியும்? ஏசியே ஓடலியே."

அவர் முகம் சுருங்கிப்போனது. "ப்ளீஸ்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"உள்ளதான் இருக்கு. ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார்."

சுவரைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. உள்ளே வந்து, நான் காட்டிய மஞ்சள் துணியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"இது சாமி மேடை இல்லையா?"

"லிஸ்ட்ல இல்ல சார்."

மெயினைப் போட்டேன். பெட்டி ஒருமுறை முனகிவிட்டு ஓட ஆரம்பித்தது. சற்று நேரத்தில் முதல் லாரி நகரும் ஹார்ன் கேட்டது. மேனேஜர் பாக்கெட்டிலிருந்து அந்த லிஸ்டை எடுத்தார், பேனாவை நீட்டினார்.

"இதையும் சேத்துடுங்க. உங்க கையாலயே எழுதுங்க. இன்னிக்கே அனுப்பிடலாம்."

பேனாவை வாங்கிய பிறகுதான் உறைத்தது. அந்த ரூமில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அது இருக்கும்வரைதான் எனக்கு அங்கே வேலை. வெறுங்காலோடு நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன்.

இப்போது ஸ்டோரில் போல்ட் எண்ணுகிறேன். பிள்ளையார் என் மேஜைமேல் இருக்கிறார். மேனேஜர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அவருடைய காலைத்தான். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்.